பரணில் கிடக்கும் பத்திரிகைகளும் ஒரு பேராசிரியரின் சிரிப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் பதினோரு பேர் இருந்தோம். கும்பகோணத்தில் அது நல்ல கூட்டம்தான். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் ‘பின்காலனியச் சிந்தனை’ பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். எட்வர்ட் சயீத், காயத்ரி ஸ்பிவாக், ஹோமி பாபா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். 1978இல் சயீதின் புத்தகம் வந்த பிறகுதான் இந்தச் சிந்தனையே பிறந்தது, அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் வெறும் கோஷம் என்று முடித்தார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். “சார், அதுக்கு முன்னாடியே ஆப்பிரிக்காவிலேயும் மத்த இடங்கள்லேயும் சின்னச் சின்னப் பத்திரிகைகள்ல இதையெல்லாம் எழுதியிருக்காங்களே, அதைச் சொல்லலையே?”

அவர் சிரித்தார். “சார், சிறுபத்திரிகைன்னா என்ன? முந்நூறு பிரதி அடிப்பாங்க. அதுல பாதி பரண்ல கிடக்கும். ஒருத்தர் கவிதையை ஒருத்தர் பாராட்டிக்குவாங்க. அதுல சிந்தனை எங்கேர்ந்து வந்துச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த இடத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவருக்குப் பதில். இதை அவரும் படிப்பார், அதனால் இது முதுகுக்குப் பின்னால் பேசுவது ஆகாது.

என் பேரன் பாண்டிச்சேரியில் ஆங்கில எம்.ஏ. படிக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது அவனுடைய பாடத்திட்டத்தைப் பார்த்தேன். பேராசிரியர் சொன்ன அதே பெயர்கள், அதே வரிசை. “தாத்தா, இது இருக்கிறதிலேயே கஷ்டமான பேப்பர். ஒரு வாக்கியத்தை நாலு தடவை படிக்க வேண்டியிருக்கு” என்றான். காலனி ஆட்சிக்கு எதிரான சிந்தனை எப்போது இவ்வளவு கஷ்டமாக ஆனது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவனே நூலகத்திலிருந்து சில புத்தகங்கள் எடுத்து வந்து கொடுத்தான். நான்கு மாதமாக அவற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1941ஆம் வருடம். கரீபியக் கடலில் மார்த்தினிக் என்று ஒரு சின்னத் தீவு, பிரான்சின் காலனி. பிரான்சை ஹிட்லர் பிடித்துவிட்டான். அவனுக்குப் பணிந்துபோன விஷி அரசாங்கத்தின் பெயரால் ஒரு அட்மிரல் தீவை ஆண்டுகொண்டிருந்தார். கடல் முற்றுகையால் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு, தணிக்கை வேறு. அந்த ஏப்ரலில் சில பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து ‘த்ரோப்பீக்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். வெப்பமண்டலங்கள் என்று அர்த்தம். எமே செசேர், அவர் மனைவி சூசான் செசேர், நண்பர் ரெனே மெனில் ஆகியோர்தான் முக்கியமானவர்கள்.

மேலே பார்த்தால் கவிதை, நாட்டுப்புறக் கதை, தீவின் செடிகொடிகள் பற்றிய கட்டுரைகள். தணிக்கை அதிகாரிக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் தீவின் செடிக்கும் கதைக்கும் பெயர் சொல்வதே அரசியல் என்று அவர்களுக்குத் தெரியும். பிரான்சின் ஆறுகளையும் பிரான்சின் ராஜாக்களையும் மனப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளைகளிடம், “உன் வீட்டு வாசலில் இருக்கிற மரத்தைப் பார்” என்று சொன்னார்கள். ரெனே மெனிலின் சகோதரி வைத்திருந்த சிறு துணிமணிக் கடையிலும் பத்திரிகை விற்பனைக்கு இருந்தது. பாரிசிலிருந்து தப்பி அமெரிக்கா போகும் வழியில் அந்தத் தீவில் தங்கிய கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், மகளுக்கு ரிப்பன் வாங்க அந்தக் கடைக்குப் போனார். முதல் இதழை அங்கேதான் பார்த்தார். சர்ரியலிசத்தின் தலைவர் என்று உலகம் கொண்டாடிய மனிதர் அசந்துபோனார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

1943இல் அதிகாரிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த இதழுக்குக் காகிதம் கேட்டு சூசான் செசேர் விண்ணப்பித்தார். தகவல் துறையின் லெப்டினன்ட் மறுத்துவிட்டு, நீங்கள் புரட்சி பேசுகிறீர்கள், இனவெறி பேசுகிறீர்கள் என்று கடிதம் எழுதினார். ஆசிரியர் குழு மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வைத்த வசவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஆமாம், அந்தப் பெயர்கள் எங்களுக்குப் பெருமைதான் என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. ஆட்சி கவிழ்ந்த பிறகு பத்திரிகை மறுபடி வந்து 1945 வரை நடந்தது.

செசேர் பாடம் நடத்திய பள்ளியில் படித்த பையன்களில் ஒருவர்தான் ஃபிரான்ஸ் ஃபனான். அவருடைய கடைசிப் புத்தகம் 1961இல் வந்தது. வெள்ளைக்காரன் போன பிறகு அவன் நாற்காலியில் உள்ளூர்ப் பணக்காரன் உட்கார்ந்துகொள்வான், கொடி மட்டும்தான் மாறும் என்று அதில் எச்சரித்தார். பேராசிரியர் சொன்ன வருடத்துக்குப் பதினேழு வருடம் முந்தியது அது. இதுவா கோஷம்? சூசான் செசேர் அந்தப் பத்திரிகையில் ஏழு கட்டுரைகள் எழுதினார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் வெளியிடவில்லை. அவர் பெயர் என் பேரனின் பாடத்திட்டத்தில் இல்லை.

அடுத்தது மொராக்கோ. 1956இல் சுதந்திரம் வந்துவிட்டது. 1965 மார்ச்சில் காசாபிளாங்காவில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைச் சுட்டது சொந்த ராஜாவின் ராணுவம். பாராளுமன்றத்தையும் முடக்கினார்கள். மறுவருடம் ரபாத்தில் அப்துல்லதீஃப் லாபி என்ற இருபத்துச் சொச்சம் வயதுப் பள்ளி ஆசிரியர், கவிஞ நண்பர்கள் சிலரோடு ‘சூஃப்ல்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மூச்சுகள் என்று பொருள். ஓவியர் மெலேஹி அட்டை வடிவமைத்தார். முதலில் கவிதைதான். அதுவும் உடைத்துப் போட்ட கவிதை. ‘புரியவில்லை’ என்று நம்மூரில் புதுக்கவிதையைத் திட்டினோமே, அந்த மாதிரி.

ஆனால் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. துரை போய்விட்டான், நாம் ஏன் இன்னும் அவன் மொழியில் எழுதுகிறோம்? பள்ளிக்கூடம் ஏன் இன்னும் அவனுடையதாக இருக்கிறது? நம் கலைப்பொருள்களை அவன் ‘கைவினை’ என்று அலமாரியில் வைத்தான், நாமும் ஏன் அப்படியே பார்க்கிறோம்? 1969இல் பாலஸ்தீனத்துக்கென்று ஒரு தனி இதழ் போட்டார்கள். மொழியைப் பற்றிப் பேசியதோடு நிறுத்தாமல் 1971இல் ‘அன்ஃபாஸ்’ என்று அரபியிலும் தொடங்கினார்கள். அதற்கும் மூச்சு என்றே அர்த்தம்.

1972 ஜனவரியில் லாபியைக் கைது செய்தார்கள். சித்திரவதை செய்தார்கள். மறுவருடம் பத்து வருடத் தண்டனை. 1980இல்தான் வெளியே வந்தார். கூட இருந்த ஆபிரகாம் செர்ஃபாட்டி 1974இல் பிடிபட்டு 1991 வரை சிறையில் இருந்தார். பதினேழு வருடம்! பேராசிரியர் சார், ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்வதற்கு யாராவது பதினேழு வருடம் கொடுப்பார்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்களை உள்ளே தள்ளியது பிரெஞ்சுக்காரன் இல்லை, சுதந்திர மொராக்கோ. பிரெஞ்சுக்காரனைத் திட்டிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் விருதுகூடக் கொடுத்திருப்பார்கள். ‘போன துரையின் நாற்காலியில் இப்போது யார்?’ என்று கேட்டபோதுதான் கதவு பூட்டப்பட்டது. ‘பின்’ காலனியம் என்ற சொல்லில் அந்தப் ‘பின்’ எதற்கு இருக்கிறது? கொடி ஏற்றிய பிறகு என்ன நடந்தது என்று கேட்பதற்குத்தானே?

இப்போது பேராசிரியர் கையில் இருக்கிற துருப்புச் சீட்டை நானே எடுத்துப் போட்டுவிடுகிறேன், அவருக்குச் சிரமம் வேண்டாம். ‘டிரான்சிஷன்’ பத்திரிகை. கம்பாலாவில் பிறந்த வங்காளி ரஜத் நியோகி 1961இல் உகாண்டாவில் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் மிகச் சிறந்த அறிவாளிகள் அதில் சண்டை போட்டார்கள். அதற்கு உதவிய பணத்தில் ஒரு பகுதி ‘கலாச்சார சுதந்திரத்துக்கான காங்கிரஸ்’ என்ற அமைப்பிலிருந்து வந்தது. அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. என்று 1966, 67 வாக்கில் அம்பலமானது. பம்பாயிலிருந்து வந்த ‘குவெஸ்ட்’டும் அதே அமைப்பின் கிளையிலிருந்து வந்ததுதான். தனக்கு எதுவும் தெரியாது என்றார் நியோகி. தெரியாமல் வாங்கினாலும் பணம் அந்தப் பணம்தான். சிறுபத்திரிகை என்றாலே தும்பைப்பூ என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பணம் எதை விலைக்கு வாங்கியது என்றும் பார்க்க வேண்டும். அதே அமைப்பின் ஆதரவில் 1962இல் கம்பாலாவின் மகரேரே கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு நடந்தது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு மட்டுமான மாநாடு. மறுவருடம் நைஜீரியாவின் ஓபி வாலி ‘டிரான்சிஷன்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதுவது முட்டுச் சந்து, ஆப்பிரிக்க மொழிகளில் எழுதாமல் ஆப்பிரிக்க இலக்கியம் கிடையாது என்பது அவருடைய வாதம். பெரிய பெரிய எழுத்தாளர்கள் கோபப்பட்டுக் கடிதம் போட்டார்கள். நியோகி எல்லாவற்றையும் அச்சடித்தார். அந்த மாநாட்டுக்கு மாணவராகப் போயிருந்த கூகி வா தியாங்கோ பிற்பாடு ஆங்கிலத்தை விட்டுத் தன் கிகுயு மொழிக்கே திரும்பினார். தாய்மொழியில் நாடகம் போட்டதற்காக 1977 கடைசியில் அவரைச் சிறையில் வைத்தது சுதந்திர கென்யாவின் அரசு. அங்கே கழிப்பறைக் காகிதத்தில் நாவல் எழுதினார். எஜமான் பணம் கொடுத்த மேடைக்குப் பக்கத்திலேயே எஜமான் மொழிக்கு எதிரான வாதமும் எழுந்தது. பத்திரிகை என்ற பண்டத்தின் குணம் அது. அச்சேறிய பிறகு எந்த எஜமானுக்கும் அது அடங்குவதில்லை.

1968இல் நியோகியையும் ராஜத்துரோகம் என்று சிறையில் போட்டார்கள். போட்டது சுதந்திர உகாண்டா. அரசாங்கத்தின் அரசியல் சட்ட யோசனைகளைக் குறைசொல்லி வந்த ஒரு கடிதத்தை வெளியிட்டாராம். வெளியே வந்த பிறகு பத்திரிகை கானாவுக்குப் போனது, அப்புறம் நின்றது. 1991இல் மறுபடி உயிர் பெற்றது. இப்போது எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஹார்வர்டிலிருந்து. கம்பாலாவில் பிறந்த பிள்ளைக்கு இன்று அமெரிக்கப் பல்கலைக்கழக விலாசம்.

என் சண்டை இந்த விலாச மாற்றத்தோடுதான். சயீதை நான் குறை சொல்லவில்லை. பாலஸ்தீனத்துக்காகப் பேசி வசவும் மிரட்டலும் வாங்கியவர் அவர். பல்கலைக்கழகத்தையும் முழுதாகத் திட்ட எனக்கு வாய் வராது. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் அவர் காலத்துக்குப் பிறகு விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றியது சிகாகோ பல்கலைக்கழகம். அதைச் சென்னையிலேயே வைத்து 1994இல் ஆராய்ச்சி நூலகமாகவும் ஆக்கினார்கள். நம் அரசாங்கமோ நம் பணக்காரர்களோ செய்யவில்லை. அந்த வெட்கம் நமக்குத்தான்.

ஆனால் வகுப்பறையில் நடப்பது என்ன? காகிதம் கிடைக்காமலும் காசில்லாமலும் சிறைக்குப் போயும் யோசித்தவர்களின் யோசனையை எடுத்துக்கொண்டு, அதற்கு யாருக்கும் புரியாத ஒரு பாஷையைப் போர்த்தி, கீழே வேறு பெயரைப் போடுகிறார்கள். அதைவிட மோசம், கேள்வியையே மாற்றிவிடுகிறார்கள். துரை நம்மைப் பற்றி என்ன எழுதினான் என்று நூறு புத்தகம் வருகிறது. இன்றைய துரை யார் என்று கேட்கும் புத்தகம் அருமையாகத்தான் வருகிறது. செத்துப்போன துரையைத் திட்டுவதற்குப் பதவி உயர்வு உண்டு. இருக்கிற துரையைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்று லாபியைக் கேட்க வேண்டும்.

நம்மூருக்கு வருகிறேன். 1933இல் ‘மணிக்கொடி’ தொடங்கியபோது அது அரசியல் வாரப் பத்திரிகை. ஸ்டாலின் சீனிவாசனும் வ.ரா.வும் டி.எஸ். சொக்கலிங்கமும் தேசிய இயக்கத்துக்காரர்கள். பிறகுதான் பி.எஸ். ராமையா கையில் அது சிறுகதைப் பத்திரிகை ஆனது. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியவர். நம் ஊர் எம்.வி. வெங்கட்ராம் ஜரிகை வியாபாரத்தில் சம்பாதித்ததை ‘தேனீ’ என்ற பத்திரிகையில் விட்டதை இந்த ஊர்ப் பெரியவர்களிடம் நான் சொல்லத் தேவையில்லை. இவர்கள் பலரும் பிற்பாடு அரசியல் வேண்டாம், இலக்கியம் போதும் என்று ஒதுங்கினார்கள் என்பது உண்மைதான். அந்த அளவுக்குப் பேராசிரியர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தன் மொழியில், தன் காசில், யார் கட்டளைக்கும் காத்திராமல் ஒரு பக்கம் அச்சடிக்கலாம் என்ற பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தின் மேல்தான் 1990களில் பாண்டிச்சேரி ‘நிறப்பிரிகை’க்காரர்கள் சாதியைப் பற்றி, தேசத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். முந்நூறு பிரதி என்று சிரிக்கிறோம். அந்தக் கேள்விகளைப் பத்து லட்சம் பிரதி விற்ற பத்திரிகைகள் கேட்டனவா?

சரி, நான் ஏன் சிரித்திருக்கக் கூடாது என்று சொல்கிறேன் என்றேன்.

1976 ஜனவரி 31ஆம் தேதி தமிழ்நாட்டு அரசைக் கலைத்தார்கள். அதுவரை எமர்ஜென்சி என்பது நமக்குப் பேப்பரில் படிக்கும் செய்தி. அன்றைக்குப் பிறகு அது வீட்டு வாசலுக்கு வந்தது. எனக்கு அப்போது 27 வயது. அரசாங்க குமாஸ்தா வேலை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒருவரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அவர் மேஜையில் ஏதோ பத்திரிகை இருந்ததாம். என்ன பத்திரிகை என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் யாரும் துணியவில்லை.

அன்று இரவு பரணில் ஏறினேன். என்னிடம் ஒரு சாக்கு நிறைய இருந்தது. ‘எழுத்து’ இருபதுக்கு மேல், ‘கசடதபற’ கிட்டத்தட்ட முழுதும், கோயம்புத்தூர் ‘வானம்பாடி’ சில, பெயர்கூட மறந்துபோன இடதுசாரி ஏடுகள் சில. எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. ஞானக்கூத்தன் கவிதைக்காக யாரும் என்னைப் பிடித்துப் போக மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. விடியற்காலை கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பில் எல்லாவற்றையும் போட்டேன். அம்மா வந்து தவலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வெந்நி சீக்கிரம் கொதிச்சிருச்சேடா” என்றாள். நான் குளித்துவிட்டு அலுவலகம் போனேன்.

என்னை யாரும் தேடி வரவில்லை. ஒரு போலீஸ்காரர்கூட எங்கள் தெருவில் திரும்பவில்லை. தணிக்கை அதிகாரி செய்ய வேண்டிய வேலையைச் சம்பளம் வாங்காமல் நானே செய்துவிட்டேன். சூசான் செசேர் அந்த லெப்டினன்டுக்கு அனுப்பிய பதிலைப் பற்றிப் போன மாதம் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேரன் என்ன தாத்தா என்றான். ஒன்றுமில்லை என்றேன். இன்று அவனும் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அதனால் பேராசிரியர் சார், அந்தப் பத்திரிகைகளில் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளக்கத் தெரியாமல் இருக்கலாம். அதைக் கண்டு பயந்தவன் எப்படி நடந்துகொள்வான் என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதைப் படிக்கிற நண்பர்களில் பாதிப் பேர் வீட்டில் இன்னும் பரண் இருக்கும். பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுக்கிறவர்களும் இருக்கிறீர்கள். சாக்கு மூட்டையைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். மெலிந்து, அட்டை கிழிந்து, விலை ஐம்பது பைசா என்று ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். ரோஜா முத்தையா நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பேரனுக்கோ பேத்திக்கோ கொடுங்கள். கொடுக்கும்போது அதை யார், எந்தக் காசில் அச்சடித்தார்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

என் சாக்கிலிருந்து ஒரே ஒரு இதழ் தப்பியது. அந்தச் சமயத்தில் அதை ஒரு நண்பர் இரவல் வாங்கிப் போயிருந்தார். 1978இல் திருப்பிக் கொடுத்தார். ‘கசடதபற’, பின்னட்டை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். பேராசிரியர் அவசியம் வர வேண்டும். காபி என் செலவு.